அப்பாவுக்கும் ஸ்டென்ட், அம்மாவுக்கும் ஸ்டென்ட்: அம்மா மட்டும் ஏன் தேறவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் மண்டபம். அம்மாவுக்கு 63 வயது, கருவாட்டு வியாபாரம். பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. நான்கு மாதம் முன்பு மாரடைப்பு வந்து மதுரையில், அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். அப்பாவுக்கும் முன்பே வைத்ததுதான். அவர் மூன்றே மாதத்தில் தேறிக் கடலுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கோ பஸ் நிறுத்தம் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. "பொம்பளைகளுக்கு ஸ்டென்ட் ஒத்துக்காது" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூச்சு வாங்குவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். நான்கு மாதம் ஆகியும் இப்படி என்றால் அதற்குக் காரணம் இருக்கும், கண்டுபிடிக்கவும் முடியும். இந்த வாரமே அம்மாவை ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போய் இசிஜியும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். மாரடைப்பில் இதயத் தசை பலவீனமாகியிருந்தால் எக்கோ காட்டிவிடும். சாயங்காலம் கால் வீங்குகிறதா, இரவில் தலையணையை உயர்த்தினால்தான் படுக்க முடிகிறதா என்று கவனித்துப் போய்ச் சொல்லுங்கள். கூடவே ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பெண்களிடம் ரத்தசோகை சாதாரணம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளால் வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்தும் ஹீமோகுளோபின் குறையலாம்.

அப்புறம் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் டிகாக்ரெலார் எழுதியிருந்தால், அந்த மருந்தே சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி இன்னொரு மாரடைப்பு வரலாம். டாக்டரிடம் சொன்னால் தேவைப்பட்டால் அதே வேலையைச் செய்யும் குளோபிடோகிரெலுக்கு மாற்றித் தருவார்.

ஸ்டென்ட் வைத்த இடத்திலோ வேறு குழாயிலோ அடைப்பு வந்திருக்கிறதா என்பதையும் அவர் யோசிப்பார். சில பெண்களுக்குப் பெரிய குழாய்கள் நன்றாக இருந்தும், ஆஞ்சியோ என்ற குழாய்ப் படத்தில் தெரியாத நுண்ணிய ரத்தக் குழாய்களில் கோளாறு இருக்கும். அதற்கும் மருந்து உண்டு. "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

இப்போது அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு வருவோம். ஒத்துக்காது என்பது தவறு. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டென்ட் சிகிச்சை பற்றிய 21 மருத்துவச் சோதனைகளில் பங்கேற்ற சுமார் 33,000 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் கால் பங்குக்கு மேல் பெண்கள். ஐந்து வருடத்துக்குள் இதயம் தொடர்பான பெரிய பாதிப்பு ஏதாவது ஒன்று வந்தது பெண்களில் 18.9 சதவீதம், ஆண்களில் 17.7 சதவீதம். வயது, சர்க்கரை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, இறப்பில் ஆண் பெண் வித்தியாசம் நிற்கவில்லை. ஸ்டென்ட் வைத்த இடத்தில் மறுபடி அடைத்து இன்னொரு சிகிச்சை தேவைப்படுவது மட்டும் பெண்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

பெண்களின் இதயக் குழாய்கள் பொதுவாகச் சிறியவை. ஆண்களைவிட வயது கூடித்தான் சிகிச்சைக்கு வருகிறார்கள், அதற்குள் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்துவிடுகின்றன. வலி வந்த அன்றும் தாமதமாகவே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வீடு திரும்பிய பிறகு கவனிப்பும் குறைகிறது. கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள்: அப்பாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார்? அனேகமாக அம்மாதான். அம்மாவுக்கு அதை யார் செய்கிறார்கள்? உங்களால் மாற்ற முடிந்தது இதுதான், பலனும் இதில்தான் அதிகம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை விடவே கூடாது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 55க்குக் கீழே வர வேண்டும். பிரஷர் 130/80க்குள், மூன்று மாதச் சர்க்கரை 7ஐ ஒட்டி இருந்தால் நல்லது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். விற்று மிஞ்சிய கருவாடு வீட்டுக் குழம்புக்குப் போவது வழக்கம்தான். ஆனால் அவ்வளவு உப்பு அம்மாவுக்கு ஆகாது. மத்தியோ நெத்திலியோ பச்சை மீனாக வாங்கிக் குழம்பு வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வயதில் முழங்கால் வலி இல்லாத பெண்கள் குறைவு. மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஆஸ்பிரினோடு இவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், இதயத்துக்கும் கெடுதல். ஸ்டென்ட் வைத்தவர்களில் ரத்தக் கசிவு பெண்களுக்கே அதிகம் வருகிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மாத்திரையை நிறுத்துவதா என்று இதய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

மறுபடி மாரடைப்பு வந்தால் பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சில்தான் வலிக்கும். ஆனால் தாடை, முதுகு, மேல்வயிற்றில் வலி, குமட்டல், வியர்வை, காரணமில்லாத அசதி என்றும் வரலாம். வாயு என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால், 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே தருவார்கள். அதோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அம்மா எப்போது கூடை தூக்கலாம் என்பதை எக்கோ முடிவு வந்த பிறகு டாக்டரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் வெயிலுக்கு முன்னே காலையில் பத்து நிமிட நடையில் ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டலாம். கூட யாராவது ஒருவர் நடந்தால் நல்லது. அப்பா கரையில் இருக்கும் நாட்களில் அவரையே போகச் சொல்லுங்கள்.