லாகீஸைத் தாண்டிப் போவது

அன்புள்ள அக்கா,

இந்த வருடம் பைபிளை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்து வருகிறேன். யோசுவா தொடங்கியதும் ஊர்ப்பெயர்களில் மூச்சு முட்டுகிறது. லாகீஸ், லிப்னா, அசெக்கா, மரேஷா... எதற்கும் கதையே இல்லை. ஒரு வசனத்தில் வருகின்றன, போய்விடுகின்றன. இவற்றைத் தாண்டிப் போனால் ஏதாவது இழப்பு உண்டா? இந்த ஊர்கள் உண்மையில் இருந்தனவா? அகழாய்வுகள் பைபிளை நிரூபிக்கின்றனவா? நல்ல வரைபடப் புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தின் 18ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

நிரூபணம் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். மண்ணுக்குள் ஒரு மதில் கிடைத்தால் அங்கே மதில் இருந்தது என்று தெரியும், அவ்வளவுதான். அதை வைத்து விசுவாசத்தை நிறுவ வருகிறவர்களோடும் கவிழ்க்க வருகிறவர்களோடும் எனக்குப் பேச்சில்லை.

ஆனால் "கதையே இல்லை" என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. லாகீஸுக்கா கதை இல்லை?

எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். யூதா ராஜ்யத்தில் தலைநகர் எருசலேமுக்கு அடுத்த பெரிய கோட்டை. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் வந்து அதன்முன் பாளயம் இறங்கினான். யூதாவின் ராஜா எசேக்கியா "நான் குற்றம் செய்தேன்" என்று ஆளனுப்பியது லாகீஸுக்குத்தான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கேட்டான் அசீரியன் (தாலந்து அந்தக் கால எடையளவு). ஆலயக் கதவுகளில் இருந்த பொன்னையே பெயர்த்துக் கொடுத்தார்கள். எருசலேமை மிரட்ட அசீரிய அதிகாரி ரப்சாக்கே புறப்பட்டதும் லாகீஸிலிருந்து. அடுத்த அதிகாரத்தில் சனகெரிப் லாகீஸை விட்டு லிப்னாவுக்குப் போய்விட்டான் என்று ஒரு வரி வருகிறது. ஊர் என்ன ஆயிற்று? அந்த அதிகாரங்களில் ஒரு வார்த்தை இல்லை.

சொன்னவன் எதிரி. அசீரியத் தலைநகர் நினிவேயில் சனகெரிப் தன் அரண்மனையின் ஓர் அறைச் சுவர் முழுக்க லாகீஸ் விழுந்ததைக் கல்லில் செதுக்கி வைத்தான். இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதிலை இடிக்கும் பொறிகள் சரிவில் ஏறுகின்றன. மேலிருந்து தீப்பந்தங்களை வீசுகிறார்கள். கழுவில் ஏற்றப்பட்ட ஆண்கள். இன்னொரு பக்கம் மாட்டுவண்டிகள், மூட்டைகளின்மேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போகிறார்கள். சிம்மாசனத்தில் இருக்கும் சனகெரிப்பின் முன் லாகீஸின் கொள்ளைப்பொருள் கடந்து சென்றது என்று ஒரு குறிப்பும் உண்டு. செதுக்கியது வெற்றிப் பெருமைக்காக. எனக்கு அந்த வண்டிகளைத் தாண்டிக் கண் போவதில்லை.

மதிலில் ஏற அசீரியர்கள் குவித்த கல்மேடு, லாகீஸ் புதைந்திருக்கும் மண்மேட்டின் தென்மேற்கு மூலையில் இன்றும் கிடக்கிறது. உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை, மதிலின் உட்புறம் பதிலுக்கு ஒரு மேடு எழுப்பியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான இரும்பு அம்புமுனைகளும் கிடைத்திருக்கின்றன.

சிறுவயதில் சண்டே ஸ்கூலில் இந்தப் பகுதியை நாடகமாகப் போட்டோம். கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்த கதை. நான் எருசலேம் மதில்மேல் நிற்கும் சிறுமி. விடிந்ததும் "தப்பினோம்!" என்று கத்த வேண்டும், கத்தினேன். ஆலயமே கைதட்டியது. லாகீஸ்காரியாக யாரும் நடிக்கவில்லை. அப்படி ஓர் ஊரே நாடகத்தில் இல்லை. எருசலேம் தப்பியது என்று சொல்லும்போது யார் தப்பவில்லை என்று எங்களுக்கு யாருமே சொல்லித்தரவில்லை. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, தம்பி. நீங்களும் அதே வேலையைச் செய்யக் கிளம்பியிருக்கிறீர்கள்.

யூதாவின் அரணான பட்டணங்களைச் சனகெரிப் பிடித்தான் என்று ஒரே வசனம் சொல்லிவிட்டு நகர்கிறது. அவனுடைய கல்வெட்டு அவற்றை 46 என்று எண்ணுகிறது, 2,00,150 பேரைக் கொண்டுபோனதாகச் சொல்கிறது. அரசர்கள் தரும் கணக்கு, கூட்டித்தான் சொல்லியிருப்பான். பத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த ஒரு வசனத்துக்குள் எத்தனை வண்டிகள்!

மீகா தீர்க்கதரிசி அந்தப் பக்கத்து மொரேசா ஊர்க்காரர். அவர் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் லாகீஸ், மரேஷா, அக்சீப், அதுல்லாம் என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும் அதே பெயர்கள் வரும். சிறைப்பட்டுப் போன பிள்ளைகளுக்காகத் தலையை மொட்டையடித்துக்கொள் என்று அது முடியும். ஒப்பாரியில் பெயர் சொல்லித்தானே அழுவார்கள்? அந்தப் பட்டியலை அப்படி வாசியுங்கள்.

லாகீஸ் மறுபடி எழுந்தது. நூறு வருடங்களுக்கு மேல் கழித்து பாபிலோனியர்கள் வந்தார்கள். அரணான பட்டணங்களில் லாகீஸும் அசெக்காவும் மட்டுமே மீந்திருந்தன என்கிறார் எரேமியா தீர்க்கதரிசி. 1935இல் லாகீஸ் கோட்டைவாசல் அறையின் சாம்பலிலிருந்து, மையால் எழுதிய பானையோடுகளை எடுத்தார்கள். பெரும்பாலானவை அந்தக் கடைசிக் காலத்துக் கடிதங்கள். ஒன்றில், லாகீஸின் தீ அடையாளங்களுக்காகக் காத்திருக்கிறோம், அசெக்கா தெரியவில்லை என்றிருக்கிறது. இன்னொன்றில் ஓசாயா என்பவன், உனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்ன மேலதிகாரிக்குப் பதில் எழுதுகிறான். எவனும் எனக்குக் கடிதம் வாசித்துக் காட்டியதில்லை என்று கர்த்தர்மேல் ஆணையிடுகிறான். நாடு எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களிலும் அவனுக்கு அந்த ரோஷம் இருந்திருக்கிறது. அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

வரைபடம் கேட்டிருந்தீர்கள். பைபிளின் பின்பக்கங்களில் அச்சிட்டிருப்பதே இப்போதைக்குப் போதும். லாகீஸைத் தேடி விரலை வைத்துக்கொண்டு மீகாவின் முதல் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். லிப்னாவைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா