டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் எழுத வேண்டும் என்று வருஷக்கணக்காகத் தவிக்கிறேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள், நான் ஒரு வாரத்தைத் தாண்டியதே இல்லை. இரவு எட்டு முதல் ஒன்பது வரை எழுத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். நல்ல கீபோர்டு, வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன் எல்லாம் வாங்கியாயிற்று. வீட்டிலும் ஒத்துழைப்புக்குக் குறைவில்லை. மனைவி குழந்தையை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய்விடுவாள். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குக் காது மந்தம், டிவியைச் சத்தமாகத்தான் வைப்பார், அவர்கூட அந்த ஒரு மணி நேரம் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் உட்கார்ந்தால் கை போனுக்குத்தான் போகிறது. இரண்டு வரி எழுதினால் இதெல்லாம் ஒரு எழுத்தா என்று தோன்றி அழித்துவிடுகிறேன். எனக்கு எழுத வருமா, வராதா?
பெயர் வேண்டாம், சிங்காநல்லூர், கோவை.

பதில்: தம்பி, உங்களுக்கு எழுத வருமா வராதா என்று ஒரு கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. போன் ஒரு குற்றவாளி, தன்மேல் நம்பிக்கை இல்லாதது இன்னொரு குற்றவாளி. படித்தவுடன் பதில் கையிலேயே வந்துவிடும். உங்கள் கடிதத்தில் மட்டும் ஒரு வரியில் நின்றுவிட்டேன், அதை விட்டு நகர எனக்கு மனசு வரவில்லை.

அப்பா டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறார். இதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். கீபோர்டு வாங்கினேன், ஹெட்போன் வாங்கினேன், அந்த வரிசையில் அப்பாவும் ஒரு வசதி.

காது மந்தமான மனிதர் சத்தத்தைக் குறைத்து வைத்தால் அவருக்கு ஒன்றும் கேட்காது. குறைத்தும் பயனில்லை என்றுதான் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். இரவு எட்டு மணிக்கு டிவியில் என்ன ஓடும்? செய்தி விவாதம் என்றால் நாலு கட்டத்துக்குள் நாலு பேர் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். சீரியல் என்றால் ஒருத்தி அழுவாள், எதற்கு அழுகிறாள் என்று தெரியாது. அதைத்தான் உங்கள் அப்பா தினமும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே ஒரு மணி நேரம் கதவுக்கு இந்தப் பக்கம் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கை போனுக்குப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போனில் வீடியோ ஓடும்போது ஹெட்போன் உங்கள் காதில்தான் இருக்கும், இல்லையா? மகன் அறைக்குள் சத்தத்தோடு பார்க்கிறார், அப்பா கூடத்தில் சத்தமில்லாமல் பார்க்கிறார். இதற்குப் பெயர் ஒத்துழைப்பு என்றால் எனக்குக் கோபம் வருகிறது தம்பி, மறைக்க மாட்டேன்.

"நான் கேட்கவே இல்லையே, அவராகத்தானே நிறுத்தினார்" என்று சொல்வீர்கள். தெரியும். அந்தத் தலைமுறை அப்பாக்களிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, அவர்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள், அதனால்தான் பிள்ளைகள் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தன் சொந்த வீட்டுக் கூடத்தில் ஒரு வயதானவர் ஒடுங்கி உட்காரக் கூடாது, அது எவ்வளவு உயர்ந்த காரியத்துக்காக இருந்தாலும் சரி. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

அந்தக் காது எப்படி மந்தமானது என்று யோசித்ததுண்டா? வயது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நூல் நூற்கிற ரிங் பிரேம் எந்திரங்கள் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால்கூடக் காதுக்குள் கத்த வேண்டும், இல்லையென்றால் கையால் ஜாடை காட்ட வேண்டும். எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு 90 டெசிபல் இரைச்சல் என்பதுதான் இந்தியத் தொழிற்சாலைகளுக்கான வரம்பு, ஸ்பின்னிங் கூடங்களில் அதைத் தொடுவதும் தாண்டுவதும் சகஜம். இரைச்சலால் காது கேட்காமல் போவது தொழிலாளர் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. அதில் முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். ச, ஷ மாதிரியான எழுத்துகள் நழுவிப்போகும், குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. "கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அப்படிப் போன காது மருந்தால் திரும்பாது, ஆனால் சரியாக அளந்து கொடுத்த காதுக் கருவி பெருமளவு உதவும். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனது அந்த ஷிப்ட் சம்பளத்தில். ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போன நாளில், வீட்டில் இன்னொருவருடைய காதும் இருக்கிறது என்று ஏன் தோன்றவில்லை?

எழுத்தைப் பற்றிக் கேட்டால் இவர் காதைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள், எழுத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். உங்கள் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அந்த நிசப்தத்திலிருந்துதான். ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது, குழந்தை கொசுக்கடியில் மாடியில் இருக்கிறது, அப்பா ஊமைப்படம் பார்க்கிறார், இத்தனைக்கும் ஈடாக நீங்கள் எழுதுகிற வரி எப்பேர்ப்பட்ட வரியாக இருக்க வேண்டும்! பந்தியில் உட்கார வைத்து ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் சோறு இறங்குமா? சாதாரணமான ஒரு வரியை எழுதிவிட்டு அதை அப்படியே விட உங்களுக்குத் துணிச்சல் வருவதில்லை. அழிக்கிறீர்கள். அழித்த பிறகு அந்த வெறுமையைத் தாங்க முடியாமல் போனை எடுக்கிறீர்கள். போன் கடைசியில்தான் வருகிறது. அதைப் பூட்டி வைப்பதற்கென்று பத்து செயலிகளை இறக்கினாலும் மூலகாரணம் அப்படியேதான் இருக்கும்.

அதனால் அந்த ஒரு மணி நேரத்தின் விலையைக் குறைக்க வேண்டும். மலிவான அரை மணி நேரம் போதும், யாரும் உங்களுக்காக எதையும் நிறுத்தக் கூடாது.

இங்கிலாந்தில் ஆந்தனி டிராலப் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார், 19ஆம் நூற்றாண்டு. 47 நாவல் எழுதியவர், அவற்றில் பலவற்றை அஞ்சல் துறையில் முழுநேர உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதினார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அவரை அந்த நேரத்துக்கு எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுக்க ஒரு பழைய வேலைக்காரர் இருந்தார் என்பதையும், அந்த வேலைக்கென்று தனியாக வருஷத்துக்கு 5 பவுண்டு கூடக் கொடுத்தார் என்பதையும் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். 1883இல் வெளிவந்த சுயசரிதையில், தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் எழுத இன்னொருவர் தன் நேரத்தைக் கொடுத்தால் அது கடன், அதைக் கணக்கில் எழுத வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக்கே வாருங்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். வியாபாரி, பிறகு பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். வீட்டிலும் வெளியிலும் ஓயாத கூட்டம், கடன்காரர்கள், வழக்குகள், பொறாமைக்காரர்கள். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் குண்டு போட்டபோதும் எழுதினார். எதை எழுதினார்? எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலைக்குப் போனது, கவர்னர் என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன். அன்றைக்குப் பேசிய தமிழிலேயே, வந்த சொல்லை வந்தபடி எழுதினார். இடையிடையே விட்டுப்போன நாட்களும் உண்டு. இன்றைக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய அதைப் படிக்காமல் முடியாது. இது எழுத்தா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

சரி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை இந்த வாரமே அப்பாவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போவது. காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காட்டும் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள், அரசு மருத்துவமனையிலும் எடுக்கலாம். வெறும் அழுக்கு அடைப்பாக இருந்தால் அன்றைக்கே தீரும். கருவி வேண்டும் என்றால் வாங்குங்கள், கீபோர்டு வாங்க யோசித்ததைவிடக் குறைவாக யோசியுங்கள். வாங்கிக் கொடுத்து முடித்துவிடாமல், பழகும்வரை நாலைந்து வாரம் கூட இருந்து மாட்டிவிடுங்கள். பழகாத கருவி மேஜை டிராயருக்குத்தான் போகும், அந்தப் பழியும் உங்களுக்குத்தான்.

அன்றிரவிலிருந்தே டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம்பா, நீ எழுது என்பார். ரிமோட்டை நீங்களே எடுத்துச் சத்தத்தைக் கூட்டுங்கள்.

எட்டு மணியை விட்டுவிடுங்கள். அது குழந்தை சாப்பிட்டுத் தூங்கப் போகிற நேரம், அந்த நேரத்தில் அப்பாவாக இருங்கள். மழை நாளில் அவர்கள் மாடியில் எங்கே நின்றார்கள் என்று இதுவரை கேட்டிருக்கிறீர்களா? அரை மணி நேரத்தை உங்கள் தூக்கத்திலிருந்தோ மதிய உணவு இடைவேளையிலிருந்தோ எடுங்கள், உங்களுக்குச் சொந்தமான நேரம் அதுதான். இடம்தான் பிரச்சினை என்றால் வெளியே போங்கள். அசோகமித்திரன் தி.நகரில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். உங்களுக்கும் ஒரு பூங்கா பெஞ்சோ நூலகமோ கிடைக்காமல் போகாது.

வீட்டிலேயேதான் எழுத வேண்டும் என்றால் கூடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள், ஏதாவது வந்தால் அவர் கூப்பிடுவார். சாதாரண கோடு போட்ட நோட்டு, பேனா. கீபோர்டில் ஒரு விரலால் மொத்தத்தையும் அழித்துவிடலாம், அந்த வசதி இப்போது உங்களுக்கு ஆகாது. ஒரு பக்கம் எழுதுங்கள். முந்தின நாள் பக்கத்தை ஒரு மாதத்துக்குத் திருப்பிப் பார்க்காதீர்கள். எதை எழுதுவது என்று தெரியாவிட்டால் பிள்ளை எழுதினாரே, அது மாதிரி யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எது என்ன விலை என்று எழுதுங்கள். அடுத்த நாளுக்கான முதல் வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்திருங்கள். மறுநாள் உட்காரும்போது யோசிக்க ஒன்றும் இருக்காது, அதை முடித்தால் போதும்.

அப்பாவைப் பற்றியே எழுதுங்கள் என்று இந்த இடத்தில் நான் சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காக மில்லுக்குக் காதைக் கொடுத்தவருடைய வாழ்க்கையையும் உங்கள் நோட்டுக்குத் தீனியாக்க வேண்டியதில்லை. அவராகச் சொன்னால் கேளுங்கள், கேட்டதை எழுதத் தோன்றினால் அவரிடம் அனுமதி வாங்குங்கள்.

அப்புறம் அந்த 21 நாள் கணக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010இல் அச்சில் வந்தது. ஒரு காரியம் தானாக நடக்கிற பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை போகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. எட்டாம் நாள் விட்டுப்போனதும் எல்லாம் போயிற்று என்று நீங்கள் மூட்டை கட்டுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு எழுதாதீர்கள், அந்த நாளில் எழுதத்தான் வேண்டும் என்று எந்தக் கலையும் கேட்காது. ஒன்பதாம் நாள் உட்காருங்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆடியோகிராமில் என்ன வந்தது, மருத்துவர் என்ன சொன்னார் என்பது முதல் பத்தியில் இருக்க வேண்டும். எழுத்து எப்படிப் போகிறது என்பதை இரண்டாவது பத்தியில் எழுதலாம். முதல் பத்தி இல்லாத கடிதத்துக்கு என்னிடமிருந்து பதில் வராது.