ஆல்ஃபா அலையும் நாடிகளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாகத் தியானம் பயின்று வருகிறேன். மூளையில் ஆல்ஃபா அலை எழுவதே தியானம் கூடியதன் அடையாளம் என்றும், யோக மரபு உயிராற்றலின் தடங்களாகச் சொல்லும் நாடிகளில் பிங்கலை என்பது உடலை முடுக்கும் பரிவு நரம்பு மண்டலம், இடகலை என்பது உடலைத் தணிக்கும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் என்றும் எங்கள் பயிற்சியாளர் கூறுகிறார். இவை அறிவியலால் நிறுவப்பட்டவையா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நொடிக்கு 8 முதல் 13 சுற்றுகள் வரை அமையும் ஆல்ஃபா அலை, தியானமே அறியாதவர் கண்மூடித் தளர்ந்து அமர்ந்தாலும் எழக்கூடியது. ஆகவே அதை மட்டும் அடையாளமாகக் கொள்ள இயலாது. ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்கியது, வெளியிலிருந்து ஒரு தூண்டல் வரும்போது அந்த அலை என்னவாகிறது என்பதைத்தான். பொதுவாக அது கலைந்துவிடும். 1961இல் டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் பி.கே. ஆனந்தும் அவர் குழுவினரும் யோகிகளைச் சோதித்தபோது, கடும் ஒளியோ பேரோசையோ சூடான கண்ணாடிக் குழாயின் தொடுகையோ தியானத்திலிருந்தவர்களின் ஆல்ஃபா அலையைக் கலைக்கவில்லை. ஆனால் ஜப்பானில் கசாமாட்சுவும் ஹிராயும் ஜென் துறவிகளைச் சோதித்து 1966இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது: ஒரே 'டிக்' ஒலியை மீண்டும் மீண்டும் எழுப்பியபோது மற்றவர்களின் மூளை விரைவிலேயே அதற்குப் பழகிவிட, துறவிகளின் மூளையில் ஒவ்வொரு முறையும், அப்போதுதான் முதலில் கேட்பதுபோல, அலை கலைந்து மீண்டது. இரண்டுமே சிலரை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை என்றாலும் எனக்கு இவை மிக முக்கியமானவை. புலன்களை உள்ளடக்கப் பயின்றவரின் மூளை ஒருவிதமாகவும், எதையும் விலக்காது விழித்திருக்கப் பயின்றவரின் மூளை வேறுவிதமாகவும் இயங்குகிறதென்றால், தியானத்திற்கென ஒற்றை மூளைநிலையைத் தேடுவதே பிழை.

நரம்புகளைப் பொறுத்தவரை, மூச்சின் வழியே நிகழ்வது தெளிவானது. மூச்சை மெல்ல வெளிவிடும்போது, மூளைத்தண்டிலிருந்து இதயத்திற்கு இறங்கும் வேகஸ் நரம்பின் செயல் மேலோங்கி நாடித்துடிப்பு தணிகிறது. உள்ளிழுக்கையில் சற்று விரைகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து இதை நீங்களே உணரலாம். 2001இல் பெர்னார்டி குழுவினர் இத்தாலியில் செய்த ஆய்வில், ஜெபமாலை செபமும் மந்திர உச்சாடனமும் ஒன்றுபோலவே மூச்சை நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முறையாகக் குறைத்தன.

ஆனால் இடகலை, பிங்கலை பற்றிய ஒப்பீட்டை என்னால் ஏற்க இயலவில்லை. யோக மரபில் ஒன்று இடப்பக்கத்தது, மற்றது வலப்பக்கத்தது. பரிவு நரம்புத் தொடரோ முதுகெலும்பின் இருபுறமும் ஓடுகிறது. எதிர்ப்பரிவு மண்டலத்தின் முதன்மை நரம்பான வேகஸும் இரு பக்கமும் உண்டு. நாடிகள் அகப்பயிற்சிக்கென யோகிகள் வகுத்த வரைபடம். பயிற்சியைத் தொடருங்கள்; நாடிகளை யோக நூல்கள் சொல்லும் பொருளிலேயே கொள்ளுங்கள்.