வெள்ளவத்தையிலிருந்து பன்சலைக்கு: பௌத்தத்தை எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 34, கொம்பனித்தெருவில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மத்தியான இடைவேளையில் பேரை வாவிப் பக்கம் நடந்துபோய், வாவியின் மேல் இருக்கும் சீமமாலகை விகாரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாராம். "அங்கே இருந்தால் மனம் அடங்குகிறது, அது ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை. பௌத்தத்தை எங்கிருந்து தொடங்குவது? மதம் மாற வேண்டுமா? வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் அம்மாவுக்கு என்ன சொல்வது? எனக்குச் சிங்களம் கடையில் கதைக்கிற அளவுக்குத்தான் வரும்" என்று கேட்கிறார்.

நான் இருபது வருடங்களாகப் பாளி படிக்கிறேன், படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இதே கேள்வியோடு வரும் தமிழர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். "நான் பௌத்தனா, இல்லையா" என்று முதலில் முடிவெடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று நினைத்து வருடக்கணக்கில் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த முடிவை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள், அது இல்லாமலே செய்ய நிறைய இருக்கிறது.

உபாலி என்று ஒருவர் இருந்தார். பெரிய செல்வர், சமணர்களின் அடியார், புத்தரோடு வாதாடி வெல்வதற்காகவே வந்தவர். பேசி முடித்ததும் அங்கேயே "இனி நான் உங்கள் அடியான்" என்றார். புத்தர் சொன்னது, நன்றாக ஆராய்ந்து பார், உன்னைப் போல் ஊரறிந்தவர் ஆராய்ந்து முடிவெடுப்பதே நல்லது என்று. உபாலி அப்போதும் விடாமல் நின்றபோது, இவ்வளவு காலமும் உன் வீட்டில் உணவு பெற்றுவந்த சமண முனிவர்களுக்குத் தொடர்ந்து கொடு என்றும் சொன்னார். புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த மச்சிம நிகாயத்தில் 56 ஆவது சுத்தத்தில் (சூத்திரத்தில்) இது இருக்கிறது. ஆக, உங்களை யாராவது அவசரப்படுத்தினால் அது புத்தர் காட்டிய வழி இல்லை.

சரி, எதில் கை வைப்பது? ஒழுக்கத்தில்தான் தொடங்கச் சொல்வேன், அதுவும் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்கங்களில் ஒன்றே ஒன்றில். ஏன் என்றால் பஞ்சசீலத்தின் சொற்களை நெருங்கிப் பார்த்தால் அது கட்டளை இல்லை என்பது விளங்கும். முதலாவது "பாணாதிபாதா வேரமணீ சிக்காபதம் சமாதியாமி". பாணம் என்றால் உயிர், வேரமணீ என்றால் விலகியிருத்தல், சமாதியாமி என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். நடுவில் வரும் சிக்காபதம்தான் முக்கியம். சிக்கா என்பது தமிழில் சிட்சை என்று வந்த அதே சொல், இங்கே அதற்குப் பயிற்சி என்று பொருள். "உயிரைக் கொல்லாதிருக்கும் பயிற்சியை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறீர்கள். தவறினால் தண்டிக்க ஒருவரும் மேலே நிற்கவில்லை, மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கொல்லாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை, வாய்மை, கள்ளுண்ணாமை என்று திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளை வரிசையாகச் சொன்னாலே ஐந்தும் ஏறக்குறைய வந்துவிடும், அதனால் புதிய ஊருக்குப் போகிறோம் என்ற கூச்சமும் வேண்டாம்.

நான் நாலாவதை, பொய் சொல்லாமையை, எடுக்கச் சொல்வேன், ஒரே ஒரு கிழமைக்கு. மற்ற நாலையும் ஓரளவு நல்ல மனிதர்கள் பெரிய சிரமமில்லாமல் காப்பாற்றிவிடுவார்கள், நாலாவதில்தான் நாம் எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வழுக்குகிறோம். வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே போனில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்கிறோம், பார்க்காத கோப்பை "பார்த்துவிட்டேன்" என்கிறோம். திருத்தக்கூட வேண்டாம், சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். பயமா, நல்ல பெயர் எடுக்கும் ஆசையா, வெறும் பழக்கமா? இரவில் இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்த ஒரு கிழமையில் உங்களைப் பற்றித் தெரிய வருவது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

அப்புறம் தியானம். காலையில் பத்து நிமிடம் போதும். கதிரையில் இருக்கலாம், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், கண்ணை மூடி மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூக்கு நுனியில் உணர வேண்டும், அவ்வளவுதான். மூச்சை இழுத்துப் பிடிப்பது, அடக்குவது ஒன்றும் கிடையாது. மனம் ஓடினால் எண்ணிக்கொண்டு இருக்கலாம். ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல் எண்ணிப் பழகு என்று 1,500 வருடங்களுக்கு முன் அநுராதபுரத்தில் இருந்து எழுதிய பாளி உரையாசிரியர் புத்தகோசர் சொல்கிறார், இன்றைக்கும் அதுதான் சரியாக வருகிறது. மனம் நூறு தடவை ஓடும். ஓடிவிட்டது என்று தெரிந்த அந்தக் கணத்தைத்தான் நாம் பழகுகிறோம், ஆகவே "எனக்குத் தியானம் வரவில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

இதற்கும் பௌத்தத் தத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மணிமேகலையில் துன்பம் எழும் விதத்தைப் பன்னிரண்டு கண்ணிகளாகச் சாத்தனார் தமிழில் சொல்லி வைத்திருக்கிறார். அதில் நடுவில் வரும் நாலை மட்டும் எடுங்கள்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. மாலையில் கொள்ளுப்பிட்டியில் 100 இலக்க பஸ்ஸில் ஏறுகிறீர்கள், இருக்கை இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். போன் அதிர்கிறது. "நாளைக் காலை வந்ததும் என்னைப் பாருங்கள்" என்று மேலதிகாரி அனுப்பியிருக்கிறார். எழுத்து கண்ணில் பட்டது, அது ஊறு. வயிற்றில் ஏதோ ஒன்று இறுகியது, அது நுகர்வு. இந்த இறுக்கம் இப்போதே போக வேண்டும் என்ற தவிப்பு வேட்கை. பஸ் பம்பலப்பிட்டி வருவதற்குள், அவர் என்ன குற்றம் சொல்லப் போகிறார், நான் என்ன பதில் சொல்வேன், மூன்று மாதத்துக்கு முன் அவர் என்னை எப்படி நடத்தினார் என்று ஒரு வழக்கையே நடத்தி முடித்திருப்பீர்கள், அது பற்று. வந்தது என்னவோ ஒரே ஒரு வரி.

இந்தச் சங்கிலியில் நுகர்வை நிறுத்த முடியாது, உடம்பு இருக்கும்வரை வயிறு இறுகத்தான் செய்யும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. காலையில் பத்து நிமிடம் மூச்சைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த இடைவெளி கண்ணில் படும், "ஆ, இறுகுகிறது" என்று தெரிந்து நிற்பார். துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, முடிவுக்கு வழி என்ற நான்கு வாய்மைகளையும் மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இதை ஒரு தடவை பஸ்ஸில் வைத்துப் பாருங்கள், பிறகு படிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் தெரிந்த முகமாக இருக்கும்.

வாசிப்புக்குத் தம்மபதம் போதும். 26 அதிகாரம், 423 பாடல், தமிழில் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, ஒரு நாளைக்கு ஐந்து பாடலுக்கு மேல் வேண்டாம். காலாமர் என்ற மக்களுக்குப் புத்தர் சொன்ன சுத்தத்தை யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள், "புத்தரே எதையும் நம்பாதே என்றார்" என்ற தலைப்போடு. முழுவதையும் வாசியுங்கள். மரபு என்பதற்காகவோ குரு சொன்னார் என்பதற்காகவோ ஏற்காதே என்கிறார், உண்மைதான். ஆனால் உன் மனதுக்குப் பிடித்த தர்க்கத்தையும் அப்படியே நம்பாதே, செய்தால் தீங்கு வருகிறதா, அறிவுடையோர் பழிக்கிறார்களா என்று பார் என்றும் சொல்கிறார். இரண்டாவது பாதிதான் கடினம்.

எங்கே போவது? உங்களுக்கு நடை தூரத்தில் பம்பலப்பிட்டி வஜிராராமை இருக்கிறது, 1901 இல் தொடங்கியது. நாரத தேரர் என்ற மூத்த பிக்கு அங்கே இருந்துதான் எளிய ஆங்கிலத்தில் எழுதி உலகம் முழுக்கப் படிக்க வைத்தார். ஆரவாரம் இல்லாத இடம். களனிக்கு ஒரு நாள் கட்டாயம் போங்கள், சோலியஸ் மெண்டிஸ் வரைந்த சுவரோவியங்களை மெதுவாகப் பாருங்கள், புத்தகோசர் ஏட்டுச் சுவடிகளோடு நிற்கும் காட்சியும் அங்கே இருக்கிறது. அதே வளவில் விபீஷணருக்குத் தேவாலயம். பல பன்சலைகளில், அதாவது பௌத்த விகாரைகளில், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினித் தெய்வம் என்று சந்நிதிகள் இருக்கும், பத்தினி என்பது நம் கண்ணகியேதான். தியானத்தை முறையாகப் படிக்க தெல்கொடைப் பக்கம் கந்துபொட நிலையம், 1956 இலிருந்து பர்மியத் துறவி மகாசி சயாதோவின் முறையில் கற்பிக்கிறார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் பத்து நாள் மௌன முகாமுக்குப் போக வேண்டாம். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள், பெரிய இழப்பிலிருந்து இன்னும் மீளாதவர்கள் முதலில் வைத்தியரோடு கதைக்க வேண்டும், மௌனத்தில் எல்லாம் ஒரேயடியாக மேலே வரும்.

இன்னொன்றை மறைக்கக் கூடாது. இந்த நாட்டில் தமிழர் ஒருவருக்குப் பௌத்தம் வெறும் தத்துவமாகக் கண்ணில் படுவதில்லை. இலங்கை அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரை அதற்கு முதன்மை இடம் கொடுக்கிறது, வடக்கிலும் கிழக்கிலும் எழும் விகாரைகளும் சிலைகளும் காணிப் பிரச்சினைகளோடு சேர்ந்துதான் செய்தியில் வருகின்றன. அந்த வலியைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அநியாயத்தை அநியாயம் என்று சொல்லிக்கொண்டே தம்மபதம் படிக்கலாம். புத்தர் யாருக்கும் சொத்து இல்லை, தமிழருக்கு அவர் அந்நியரும் இல்லை. சோழநாட்டுப் புத்ததத்தர் பாளியில் எழுதிய நூல்களை இங்கே பிக்குமார் இன்றும் படிக்கிறார்கள். ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். 1898 இல் அயோத்திதாச பண்டிதர் இதே கொழும்புக்கு வந்து, மாளிகாகந்தை வித்தியோதய பிரிவெனா என்ற பிக்குமார் கல்லூரியின் தலைவர் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் எடுத்துக்கொண்டு சென்னை திரும்பினார். நீங்கள் போகும் பாதையில் ஏற்கெனவே தமிழ்க் காலடிகள் இருக்கின்றன.

அம்மா விஷயம். சிகாலன் என்ற இளைஞன் காலையில் ஈரத் துணியோடு ஆறு திசையையும் கும்பிட்டுக்கொண்டு நின்றான். ஏன் என்று புத்தர் கேட்டார், சாகும்போது அப்பா சொல்லிவிட்டுப் போனார் என்றான். கும்பிடாதே என்று அவர் சொல்லவில்லை. கிழக்கு உன் தாய் தந்தை, தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே உன்னிடம் வேலை செய்பவர்கள், மேலே துறவிகள் என்று அந்தக் கும்பிடுக்குப் பொருள் கொடுத்தார். முதல் திசையே தாய் தந்தைதான். வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போங்கள், அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள். காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துக் கேட்டால், இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள், நாலாவது சீலத்துக்கும் அது பொருந்தும்.

கடைசியாக மொழி. நான் முதன்முதலாக ஒரு போயா தினத்தில், அதாவது பௌர்ணமி நாளில், சீலம் எடுக்கப் போனபோது எனக்குச் சிங்கள எழுத்து ஓடவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் ஆச்சி தன் புத்தகத்தை என் பக்கம் சரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, எனக்காக மெதுவாக ஓதினார். விரலில் பூ நசுங்கிய மஞ்சள் ஒட்டியிருந்தது. பாளி அவருக்கும் தாய்மொழி இல்லைதானே, எல்லோருமே கேட்டுத் திருப்பித்தான் சொல்கிறோம். நீங்களும் அடுத்த போயாவுக்கு வெள்ளை உடையில் காலை வெள்ளன ஆறரைக்குள் போய்விடுங்கள். எட்டுச் சீலம் எடுத்தால் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை, முதல் தடவைக்கு ஐந்தோடு நிறுத்தினாலும் ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பூவை வைக்கும் முன் முகர வேண்டாம், செருப்பையும் தொப்பியையும் வெளியே வையுங்கள், புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம். தேரரோடு கதைக்க விரும்பினால் கொஞ்சம் தள்ளி, அவருடைய இருக்கையை விடத் தாழ்வாக உட்கார்ந்து "அவசரயி ஸ்வாமீன் வஹன்ஸ" என்று தொடங்குங்கள். நம் காதுக்கு அது அவசரம் என்று கேட்கும், ஆனால் அங்கே அதற்கு "அனுமதியுங்கள்" என்று பொருள். அதற்குப் பிறகு உங்கள் கடைச் சிங்களத்தில், வராத இடத்தில் ஆங்கிலத்திலோ தமிழிலோ, அந்தச் சீமமாலகைக் கேள்வியைக் கேளுங்கள்: இங்கே உட்கார்ந்தால் என் மனம் ஏன் அடங்குகிறது?