வைத்தியரிடம் கேளுங்கள்: ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று எழுதிய தூள்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகன், மூளையின் வாங்கிகளில் செயற்பட்டு ஞாபகசக்தியைக் கூட்டுமாம் என்று இணையம் வழியாக ஒரு தூளை வரவழைத்திருக்கிறான். பொதியில் ‘ஆய்வுக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல’ என்று உள்ளது. விஞ்ஞானிகளே பயன்படுத்துவது தரமாகத்தானே இருக்கும் என்கிறான். சரியா, டொக்டர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சரியல்ல, அம்மா. விஞ்ஞானிகள் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அவர்கள் அதை விழுங்குவதில்லை.

வாங்கி என்பது நரம்புக் கலத்தில் உள்ள ஒரு புரதம். டோபமைன் போன்ற உடலின் சொந்த இரசாயனம் அதிற் பிணையும்போது கலத்தின் செயற்பாடு மாறுகிறது. ஆய்வுச் சேர்வைகளுட் சில அதே மாற்றத்தை உண்டாக்கும். வேறு சில, இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தடுக்கும். 1973இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டஸ் பேர்ட்டும் சொலமன் சினைடரும் அபின் வாங்கிகள் இருப்பதைக் காட்டியது, தடுக்கும் வகையைச் சேர்ந்த நலொக்சோனுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு, அது மூளைத் திசுவில் எவ்வளவு பிணைகிறது என்று அளந்துதான். இத்தகைய வேலைக்கு வேண்டியது, சேர்வை குறித்த வாங்கியிற் சரியாகப் பிணைவது மட்டுமே. ஈரலுக்கோ இதயத்துக்கோ அது என்ன செய்யும் என்பது அங்கே கேள்வியே அல்ல. ஒரே வாங்கி உடலின் பல இடங்களிலும் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது: வலியைத் தணிக்கும் மோர்பின் மலச்சிக்கலையும் தருவது, குடலிலும் அபின் வாங்கிகள் இருப்பதால்தான்.

தங்கள் மகனுக்குச் சொல்லவேண்டிய கதை ஜேடபிள்யூஎச்-018 என்ற சேர்வையினுடையது. கஞ்சா செயற்படும் வாங்கிகளை ஆராய்வதற்காக ஜோன் ஹஃப்மன் என்ற அமெரிக்க இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்தில் உருவான அது, 2008இல் ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்ட இலைப் பொதிகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டீஎச்சீ அந்த வாங்கியைப் பகுதியளவே தூண்டுகையில் இது முழுமையாகத் தூண்டுவதால், இவ்வகைச் சேர்வைகளைப் புகைத்தவர்கள் வலிப்புடனும் மனப்பிறழ்வுடனும் வைத்தியசாலைக்கு வந்தார்கள். அந்தப் பொதிகளிலும் ‘மனிதப் பாவனைக்கு அல்ல’ என்ற வாசகம் இருந்தது. அது விற்பவர் தம்மைக் காத்துக்கொள்ள எழுதுவது.

மகன் இன்னும் உட்கொள்ளவில்லையானால் தொடவேண்டாம். சில நாட்களாக எடுத்துவருகிறார் என்றால், திட்டாமல், பொதியோடு ஒரு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்; சிலவகைச் சேர்வைகளைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். மயக்கமோ வலிப்போ கண்டால் தாமதியாமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.