தரவு இருந்தும் விழும் இடம் தெரியாதது ஏன்?

கேள்வி: சீனாவின் தியாங்கோங்-1 விண்வெளி நிலையம் 2018இல் விழுந்தபோது, அதன் சுற்றுப்பாதைத் தரவு இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருந்தது. அப்படியிருந்தும் அது எங்கே விழும் என்பதை முந்தைய நாள்கூடச் சொல்ல முடியாமற்போனது ஏன்? அந்தத் தரவை நம்மைப் போன்றோர் ஆராய முடியுமா?

பதில்: தாராளமாக ஆராயலாம். அமெரிக்க ராணுவத்தின் ராடார்களும் தொலைநோக்கிகளும் பின்தொடரும் பொருள்களுக்கு, இரண்டே வரிகளில் அடங்கும் எண்குறிப்புகள் அடிக்கடி வெளியிடப்படுகின்றன. அவற்றுள் முதலில் கவனிக்க வேண்டியது, அப்பொருள் ஒரு நாளில் பூமியை எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண். அது 15.5 என்றால் சராசரி உயரம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர், 16 என்றால் 275, 16.4 என்றால் 165. காற்றின் இழுவை வேகத்தைக் குறைக்கும் என எதிர்பார்ப்போருக்கு வியப்பாக இருக்கலாம்; உயரம் இழந்த நிலையம் சிறிய பாதையில் முன்னிலும் விரைவாகச் சுற்றுவதால் இந்த எண் கூடிக்கொண்டேதான் போகும். 15.500 என்பது 15.501 ஆனாலே நிலையம் சுமார் 290 மீட்டர் இறங்கிவிட்டது என்று பொருள்.

தியாங்கோங்-1இன் உயரத்தைத் தேதிவாரியாக வரைந்து பார்த்தால், 2015 டிசம்பர் வரை கோடு ரம்பப் பற்களைப் போல இறங்கி ஏறும். ஏற்றம் ஒவ்வொன்றும் எஞ்சினை இயக்கிப் பாதையை உயர்த்தியதன் அடையாளம். அதன்பின் இறக்கம் மட்டுமே. அதுவும் கடைசி வாரங்களில் செங்குத்தாகிறது. ஆகவே, கடந்த மாதத்துச் சரிவை அப்படியே நீட்டி விழும் நாளைக் கணிப்பது தவறு.

தரவு நேற்றுவரை நடந்ததைத் துல்லியமாகச் சொல்லும்; நாளை அந்த உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்பது அதில் இல்லை. சூரியனின் புறஊதாக் கதிர்களும் துகள்களும் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்பச் செய்யும்போது இழுவை கூடுகிறது. 1979இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் எதிர்பார்த்ததைவிட முன்னதாக விழுந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். தியாங்கோங்-1இல் நடந்தது இதற்கு நேர்மாறு: வரும் எனக் கருதிய சூரியத் துகள்களின் பாதிப்பு பெரிதாக இல்லாததால், ஐரோப்பிய விண்வெளி முகமை கடைசி நேரத்தில் தன் கணிப்பைப் பின்தள்ளியது. போதாக்குறைக்கு நிலையம் உருண்டுகொண்டிருந்ததை ஜெர்மனியின் ராடார் படங்கள் காட்டின. காற்றை எதிர்கொள்ளும் பரப்பு மாறினால் இழுவையும் மாறும்.

எஞ்சிய காலத்தில் சுமார் 20 சதவீதம் பிழை இருக்கும் என்பது இத்துறையினரின் பட்டறிவு. ஒரு நாள் மீதமிருக்கையில் அது முன்னும் பின்னும் ஐந்து மணி நேரம். அதாவது மொத்தம் ஆறேழு சுற்றுகள். சுற்றொன்றுக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் பொருள் எந்தக் கண்டத்தின் மேல் இருக்கும் என்று அந்நிலையில் சொல்ல இயலாது. உறுதியாகச் சொல்ல முடிந்தது, சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்குச் சாய்ந்திருக்கும் அளவைக் கொண்டு, அது வடக்கிலும் தெற்கிலும் 43 பாகை அட்சரேகைக்கு அப்பால் விழாது என்பதுதான். ஏப்ரல் 2 அன்று, உலக நேரப்படி 00:16 மணியளவில், அது தென் பசிபிக் பெருங்கடலின் மேல் வளிமண்டலத்துள் நுழைந்து பெரும்பாலும் எரிந்துபோனது.