பிள்ளைகளின் கண் பரிசோதனை: கேளுங்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரில் பாலர் பள்ளி பாலர் பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்த தாதி நான். இப்போது ஓய்வு. இந்தப் பரிசோதனையில் அதிகம் தவறிப்போவது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் என்று முன்பு எழுதியிருந்தேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

செங்காங்கிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு நாலரை வயது. டிவி நன்றாகத்தான் பார்க்கிறான். பரிசோதனை தேவையா அக்கா?

தேவை. ஒரு கண் நன்றாக இருந்தாலே பிள்ளை அதை வைத்து ஓட்டிவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு சின்னப் பெண் நினைவுக்கு வருகிறாள். இடக்கண்ணை மூடினேன். தூரத்தில் காட்டிய எழுத்தையெல்லாம் மடியிலிருந்த அட்டையில் சரியாகத் தொட்டுக் காட்டினாள். வலக்கண்ணை மூடியதும் என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி மூடினேன், அழுகை. "சேட்டை" என்றார் ஆசிரியை. நான் மூடியது அவள் நம்பியிருந்த ஒரே கண்ணை! மற்றது சோம்பேறிக் கண். அது அனுப்பும் மங்கலான படத்தை மூளை ஒதுக்கிவிட்டிருந்தது. ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியாலும் நல்ல கண்ணை ஒட்டி மூடுவதாலும் பெரும்பாலும் தேறும். நாள் முழுக்க மூட வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நடுத்தரக் குறைக்குத் தினம் 2 மணி நேரம் மூடியதும் 6 மணி நேரம் மூடியதும் ஒரே பலனைத்தான் தந்தன.

உட்லண்ட்ஸ்: அட்ரோபின் சொட்டு மருந்து போடலாமா?

கிட்டப்பார்வை வேகமாக ஏறினால், அதைத் தணிக்கக் கண் மருத்துவர் சொல்வார். நானாகச் சொல்ல மாட்டேன்.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்: பள்ளிக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறார்கள். இதில் ஏழை, பணக்காரர் எங்கே வந்தது? பெற்றோரின் அலட்சியம்தான்.

தம்பி, பரிசோதனை இலவசம்தான். ஆனால் அது ஒரு நாள் வரும், போகும். அன்று பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டுமே! பள்ளியிலேயே சேராத பிள்ளையும், அடிக்கடி வராத பிள்ளையும் வசதி குறைந்த வீடுகளில்தான் கூடுதல். 2016-இல் அரசு கிட்ஸ்டார்ட் என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியதே அந்த வீடுகளைத் தேடிப் போகத்தான். சரி, பிள்ளை வந்தது, குறையும் தெரிந்தது, மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுத்தோம். அப்புறம்? மருத்துவமனையில் மருந்து விட்டுக் கண்மணி விரியக் காத்திருந்தாலே அரை நாள் போய்விடும். மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுப்பார். ஷிப்ட் வேலைக்காரிக்கு அது ஒரு நாள் கூலி. கண்ணாடிக்கு மறுமுறை, ஒட்டுக்கு இன்னொரு முறை என்று அது பெருகும்.

ஜூரோங்காரர் மீண்டும்: நானும் வாடகை வீட்டில் வளர்ந்தவன். என் அம்மா கூட்டிப்போனார்.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அவர் பட்ட பாட்டை எல்லாரும் பட வேண்டும் என்பது ஒரு ஏற்பாடா?

தோ பாயோ அம்மா, ஜூரோங்காரருக்குப் பதில் சொல்கிறார்: நான் இரவு ஷிப்ட். மகளின் சீட்டு பையின் அடியில், ரொட்டித் துகளோடு ஒட்டிக் கிடந்தது. பார்த்தபோது தேதி தாண்டிவிட்டது. அலட்சியமா இது?

இல்லைம்மா. நாளையே பள்ளி அலுவலகத்தைக் கேளுங்கள், அல்லது பலதுறை மருந்தகத்துக்குப் (பாலிகிளினிக்) போய் நடந்ததைச் சொல்லி வேறு சீட்டு வாங்குங்கள். எல்லாருக்கும் சொல்கிறேன், சீட்டைத் தொலைக்காதீர்கள். பலதுறை மருந்தகம் போன்ற இடங்களின் சீட்டோடு போனால்தான் அரசு மருத்துவமனையில் சலுகைக் கட்டணம். நேரே போனால் தனியார் விலை.

பொங்கோல்: அட்ரோபின்...

மேலே பாருங்கள்.

பிடோக் தாத்தா: பேரன் அமெரிக்காவில். அங்கேயும் பள்ளிக்கு வருவார்களா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் ஐயா. 3 முதல் 5 வயதுக்குள் ஒரு தடவையாவது பார்க்கச் சொல்கிறது அங்குள்ள தடுப்புநலப் பணிக்குழு. பெரும்பாலும் குழந்தை மருத்துவரிடம்தான் நடக்கும். வழக்கமான மருத்துவரும் காப்பீடும் இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கே தவறிப்போகும்.

இஷூன்: கடையில் இயந்திரத்தில் பார்த்தால் போதாதா?

போதாது. சின்னப் பிள்ளை கண்ணை இறுக்கிக் குவித்து இயந்திரத்தை ஏமாற்றிவிடும். மருந்து விட்டு அந்த இறுக்கத்தைத் தளர்த்தித்தான் அளக்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக்: சீட்டு வந்து மூன்று வாரமாகிறது. தினம் கேரட் ஜூஸ் கொடுக்கிறேன், சரியாகுமா?

ஜூஸைக் குடிக்கட்டும். மருத்துவமனைக்கு எப்போது போகிறீர்கள்?